கராஜ் கதவின் கதையும் நம் வாசல் கேட்டும்

நம் அடுக்ககத்தில் யாருக்கும் தனிக் கராஜ் கிடையாது. தரைத்தளத்துத் தூண்களுக்கு நடுவே கோடு போட்டு, வீட்டு எண் எழுதிய இடம்தான் நமக்குக் கார் கொட்டகை. அப்படியிருக்க, அமெரிக்க வீடுகளின் கராஜ் கதவைப் பற்றி நம் காலாண்டு மடலில் எதற்கு ஒரு கட்டுரை என்று சிலர் கேட்கக்கூடும்.

பட்டனை அழுத்தினால் தானாக நகரும் கனத்த இரும்புக் கதவு ஒன்று நம்மிடமும் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் பிள்ளைகள் பள்ளி வேனுக்கு ஓடுகிறார்கள். இந்த மாதிரிக் கதவோடு ஒரு நாடே நூறு ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருக்கிறது. பட்டுப் பட்டுச் சில பாடங்களைக் கற்றிருக்கிறது. அவற்றில் சிலவற்றுக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. அந்தப் பாடங்களை நாம் விலை கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம்.

வண்டிக் கொட்டகையிலிருந்து

கராஜ் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். பத்திரமாக நிறுத்தி வைப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார் வாங்கியவர்கள் அதைக் குதிரை வண்டி நின்ற கொட்டகையிலேயே நிறுத்தினார்கள். பெட்ரோல் வாடையும் தீ பயமும் இருந்ததால் கொட்டகை வீட்டை விட்டு விலகி, கொல்லைப்புறத்தில் இருந்தது. அதன் கதவும் வண்டிக் கொட்டகையின் கதவுதான்: வெளிப்பக்கம் திறக்கும் இரட்டை மரக்கதவு.

அந்தக் கதவின் தொல்லைகளைப் பழைய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கனம் தாங்காமல் கீல் தளரும். கதவு தொய்ந்து தரையில் உரசும். காற்றடித்தால் படாரென்று மோதும். இதோடு குளிர்நாடுகளில் இன்னொரு சங்கடம் இருந்தது. இரவு பெய்த பனி கதவுக்கு வெளியே குவிந்துவிட்டால், அதை அள்ளிப் போட்ட பிறகுதான் காலையில் கதவையே திறக்க முடியும்.

அந்தக் காலத்துக் கதவை இன்றும் பார்க்க விரும்புவோர் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகருக்குப் போகலாம். 1938-இல் ஹியூலட், பேக்கர்ட் என்ற இரு இளம் பொறியாளர்கள் வேலையைத் தொடங்கிய சிறிய கராஜ் அங்கே வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. அதில் இருப்பது பழைய பாணி மரக்கதவுதான்.

1921: கதவு தலைக்கு மேலே போனது

1921-இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கித் திறக்கும் கராஜ் கதவை உருவாக்கினார். கதவைக் குறுக்குவாட்டில் பல பலகைகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று கீல் வைத்து இணைத்தார். இரு ஓரங்களிலும் சிறு சக்கரங்கள்; அவை ஓடுவதற்கு வளைந்த தண்டவாளம். கதவைத் தூக்கினால் அது மடிந்து மடிந்து மேலேறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். வாசலில் ஓர் அடி இடம்கூடத் தேவையில்லை. பனி குவிந்திருந்தாலும் கவலையில்லை.

கதவை எப்படி விற்பது? ஜான்சன் அதன் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, தம் ஃபோர்டு மாடல் டி காரின் பின்புறத்தில் பொருத்தி, ஊர் ஊராக ஓட்டிச் சென்று திறந்து மூடிக் காட்டினார் என்று அவர் தொடங்கிய ஓவர்ஹெட் டோர் நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. 1926-இல் அவரே மின்சாரத்தால் கதவைத் திறக்கும் கருவியையும் கொண்டுவந்தார். கையால் தூக்கச் சிரமப்படுபவர்களுக்காகச் செய்தது அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்கள் பெருகியபோது கராஜ் கொல்லைப்புறத்திலிருந்து வீட்டோடு ஒட்டி முன்னுக்கு வந்தது. இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு 16 அடி அகலக் கதவு. பல குடும்பங்களுக்கு அதுவே தலைவாசல் ஆகிவிட்டது. முன்கதவு விருந்தாளிகளுக்கு மட்டும். தலைவாசல் ஆனதும் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கதவு ஏறி இறங்கத் தொடங்கியது.

எடையைச் சுமப்பது யார்?

பெரிய மரக் கராஜ் கதவு நூறு கிலோவைத் தாண்டும். அதை வயதான ஒருவர் ஒரு கையால் தூக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் ஸ்பிரிங்.

நம் ஊர்த் துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால், மறு முனையில் கட்டிய கல். நீர் நிறைந்த சாலின் கனத்தில் பெரும்பகுதியைக் கல் சுமந்துவிடும். இறைப்பவர் மிச்சத்தைச் சுமந்தால் போதும். கராஜ் கதவில் கல்லின் வேலையை ஸ்பிரிங் செய்கிறது. கதவுக்கு மேலே ஓர் இரும்புத் தண்டு, அதைச் சுற்றி முறுக்கேற்றிய ஸ்பிரிங், தண்டின் இரு முனைகளிலும் உருளைகள், அவற்றிலிருந்து கதவின் அடி மூலைகளுக்கு எஃகுக் கம்பிகள். கதவு கீழே இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். அந்த முறுக்குதான் மறுபடி கதவை மேலே இழுக்கிறது. கதவு ஏறும்போது பலகைகள் ஒவ்வொன்றாகக் கிடைத் தண்டவாளத்தில் படுத்துவிடுவதால் தொங்கும் எடை குறைகிறது. அதே நேரத்தில் ஸ்பிரிங்கின் முறுக்கும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து குறைவதால் கதவு எந்த உயரத்திலும் சமநிலையில் நிற்கும். நல்ல கதவுக்கு அடையாளமே இதுதான்: மோட்டாரைக் கழற்றிவிட்டு, கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி விட்டால் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இவ்வளவு பெரிய கதவை அசைப்பதன் ரகசியமும் இதுவே. எடையைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டார் ஒரு பக்கம் லேசாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்குக்கு ஆயுள் உண்டு. வீட்டுக் கதவுகளுக்குப் போடும் வழக்கமான ஸ்பிரிங்கை 10,000 தடவை ஏறி இறங்குவதற்கு என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு ஆண்டுகள்கூட வராது. அறுந்தால் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் கேட்கும். அடுத்த நொடியே கதவு தன் முழு எடையோடு நம் கையில். முறுக்கிய நிலையில் உள்ள ஸ்பிரிங்கை அதற்கென்றே செய்த இரும்புக் கம்பிகளைக் கொண்டுதான் தளர்த்த வேண்டும். ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பார்த்துக் கையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. கராஜ் கதவு வேலைகளில் வீட்டுக்காரர் கைவைக்கவே கூடாத வேலை இது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எச்சரிப்பதன் காரணம் இதுதான்.

இதன் நெருங்கிய உறவினர் நம் கடைத்தெருவில் இருக்கிறார். கடை ஷட்டரின் மேல்பெட்டிக்குள் உள்ள குழாயிலும் இதே ஸ்பிரிங்தான். காலையில் கடைக்காரர் ஒரே இழுப்பில் தூக்கிவிடுகிறார். ஸ்பிரிங் தளர்ந்த ஷட்டருக்கு இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஷட்டர்களுக்கு ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. நம் வளாகத்தை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள், தூக்கக் கனமாகிவிட்ட ஷட்டரை "எண்ணெய் விட்டால் சரியாகும்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

ரிமோட் வந்தது

வானொலி அலையால் இயங்கும் ரிமோட் போருக்குப் பிறகு பரவியது. ஆரம்பகால ரிமோட்டுகளில் ரகசியக் குறியீடு என்று எதுவும் இல்லை. ஒரே அலைவரிசையில் எல்லாம் வேலை செய்ததால், ஒரு வீட்டில் பட்டனை அழுத்தினால் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறந்தது. பிறகு சின்னச் சின்ன ஸ்விட்சுகளை வைத்துக் குறியீடு அமைக்கும் ரிமோட்டுகள் வந்தன. 12 ஸ்விட்ச் என்றால் 4,096 குறியீடுகள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் முறை 1990-களில் வந்தது.

பழைய மாறாக் குறியீட்டு ரிமோட்டின் பலவீனத்தை 2015-இல் சாமி காம்கார் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படையாகக் காட்டினார். குழந்தைகளின் பொம்மை ஒன்றைத் திருத்தியமைத்து, அத்தகைய கதவுகளைப் பத்து நொடிக்குள் திறந்துவிடலாம் என்று நிரூபித்தார். கேட்டுக்கோ பூம் பேரியருக்கோ புதிதாக ரிமோட் வாங்கும்போது "குறியீடு மாறும் வகையா?" என்று ஒரு கேள்வி கேட்டு வைப்பது நல்லது.

அறுபது குழந்தைகள்

இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதிக்கு வருவோம்.

தானியங்கிக் கதவு பெருகப் பெருக, இறங்கும் கதவுக்கு அடியில் குழந்தைகள் சிக்கத் தொடங்கினார்கள். பட்டனை அழுத்திவிட்டு, கதவு மூடுவதற்குள் அடியில் புகுந்து ஓடுவது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது. 1982 மார்ச்சுக்குப் பிந்தைய ஆண்டுகளில் 2 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 60 குழந்தைகள் தானியங்கிக் கராஜ் கதவுகளுக்கு அடியில் சிக்கி இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள்.

மோட்டார் சிறியது, எடையைச் சுமப்பது ஸ்பிரிங் என்று பார்த்தோம். பிறகு எப்படி ஒரு குழந்தையை அது நசுக்க முடிந்தது?

இடையில் எதுவும் தடுத்தால் கதவு நின்று திரும்ப வேண்டும் என்பதற்காக மோட்டாரில் ஒரு விசை அளவு அமைக்கப்பட்டிருக்கும். அந்த அளவுக்கு மேல் தள்ள வேண்டி வந்தால் "ஏதோ தடுக்கிறது" என்று மோட்டார் எடுத்துக்கொள்ளும். கதவு சமநிலையில் இருக்கும்வரை இந்த அளவைக் குறைவாகவே வைக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, தண்டவாளம் வளைந்தாலோ, சக்கரம் துருப்பிடித்தாலோ கதவு தன் பாட்டுக்கே கனக்கத் தொடங்கும். மோட்டார் பாதி வழியில் நிற்கும். அப்போது சரியான வேலை ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் பார்ப்பது. சுலபமான வேலை, விசையைக் கூட்டும் திருகை இன்னும் அரைச் சுற்று திருப்பிவிடுவது. திருப்பியதும் கதவு ஓடும், புகார் தீரும். ஆனால் அந்த அரைச் சுற்றுக்குப் பிறகு கதவுக்கு அடியில் இருப்பது துருவா, குழந்தையா என்று மோட்டாருக்குத் தெரியாது.

பராமரிப்பில் விட்ட குறையை விசையால் சரிக்கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆண்டுகளே சாட்சி.

1990 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கராஜ் கதவு மோட்டார்களுக்கான யூ.எல். 325 என்ற தரத்தைக் கட்டாயமாக்கியது. தடையைத் தொட்ட 2 நொடிக்குள் கதவு திரும்பி மேலேற வேண்டும். 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் மோட்டார்களுக்கு அதற்கு மேல் இன்னொரு காவலும் சேர்ந்தது: பெரும்பாலான வீடுகளில் இது வாசலின் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும் சென்சார் கண்கள். நடுவில் எது வந்தாலும் கதவு தொடும் முன்பே திரும்பிவிடும்.

இந்தக் கண்ணைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தவழும் குழந்தைக்கும், விழுந்து கிடக்கும் குழந்தைக்கும் மேலாக அந்தக் கதிர் போய்விடக் கூடாது என்பதே காரணம்.

சட்டம் வந்தும் மனித சுபாவம் மாறவில்லை. சென்சாரில் தூசு படிந்து கதவு மூட மறுத்தபோது, துடைப்பதற்குப் பதிலாக இரண்டு கண்களையும் கழற்றி, கூரைக்கு அருகில் எதிரெதிரே ஒட்டி வைத்த வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கண் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேயிருக்கும். கீழே நடப்பது எதுவும் அவற்றுக்குத் தெரியாது. கதவு மட்டும் தடையில்லாமல் மூடும்.

கராஜிலிருந்து கேட்டுக்கு

அடுத்த அத்தியாயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. குடியிருப்பு வளாகங்களின் மோட்டார் கேட்டுகளிலும் இதே ஆபத்து இருப்பது தெரிந்ததும், யூ.எல். 325 தரத்தில் கேட்டுகளுக்கான கடுமையான விதிகள் 2000-இல் நடைமுறைக்கு வந்தன. கேட்டின் கட்டுமானத்துக்கென்றே 2002-இல் தனித் தரமும் வந்தது. தாங்கும் சக்கரமோ கீலோ கழன்றாலும் கேட் 45 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது அதில் ஒரு விதி. நகரும் கேட் சில நூறு கிலோ இருக்கும். தண்டவாளத்தின் முடிவில் தடுப்பு இல்லாவிட்டால், அல்லது மேலே பிடித்திருக்கும் உருளைகள் தேய்ந்துவிட்டால், அது அப்படியே ஆளின் மேல் சாயும்.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு கோடையில் சில நாள் இடைவெளியில் மான்செஸ்டரிலும் வேல்ஸில் உள்ள பிரிட்ஜெண்டிலும் இரண்டு சிறுமிகள் மின்கேட்டில் சிக்கி இறந்தார்கள். ஒருத்திக்கு வயது ஆறு, மற்றவளுக்கு ஐந்து. பிரிட்ஜெண்டில் நடந்தது நம்முடையதைப் போன்ற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில். குழந்தை நடுவில் சிக்கியும் கேட் நிற்கவில்லை. அதன் மூடும் விசை தரத்துக்கு உட்பட்டதாக இல்லை. மோட்டாரைப் பொருத்திய நிறுவனமும் பராமரித்த நிறுவனமும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு அபராதம் கட்டின. பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தது. ஆட்கள் வந்து பார்த்தும் இருக்கிறார்கள். கேட் திறந்து மூடுகிறதா என்று பார்ப்பதற்கும், குறுக்கே ஒருவர் நின்றால் அது நிற்குமா என்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே ஓர் உயிராக இருந்தது.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் இந்த வரலாறு விடவில்லை. 2017-இல் வடக்குக் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் நின்றது; கராஜ் கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே சிக்கி முதியவர்கள் சிலர் இறந்தார்கள். கையால் திறக்க வழி இருந்தும், தெரியாததாலோ பலம் இல்லாததாலோ திறக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே அம்மாநிலம் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் விற்கும் மோட்டார்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்றது.

நமக்கு என்ன?

நூறு ஆண்டு வரலாற்றைச் சுருக்கினால் நம் கேட்டுக்கு இவ்வளவு தேறும்.

மாதம் ஒரு முறை மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் சிரமமில்லாமல் தள்ள முடிய வேண்டும். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். கனத்தால் தண்டவாளத்து மண், சக்கரத்தின் பேரிங், கேட்டின் சாய்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சென்சாரைச் சோதிக்க, கேட் மூடும்போது துடைப்பத்தின் கைப்பிடியைத் தள்ளி நின்று முழங்காலுக்குக் கீழே குறுக்கே நீட்டினால் போதும். விசையைச் சோதிக்க, மூடும் பக்கத்துத் தூணருகே ஒரு மரக்கட்டையை வைத்துப் பார்க்கலாம். கேட் அதைத் தொட்டதும் நின்று திரும்ப வேண்டும். எக்காரணத்துக்கும் ஆள் நின்று சோதிக்கக் கூடாது.

விசைத் திருகை யார், எந்தத் தேதியில், எதற்காகத் திருப்பினார் என்பது செக்யூரிட்டி அறையில் உள்ள பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். "சர்வீஸ் செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி ரசீதை ஏற்றுக்கொள்ளாமல், சென்சார், விசை, முனைத் தடுப்பு, மேல் உருளை என்று ஒவ்வொன்றையும் பார்த்ததாகக் கையெழுத்து கேட்போம். அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்ளலாம்.

மின்சாரம் போனால் மோட்டாரை விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பது இரவுக் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது தேடக் கூடாது.

பிள்ளைகள் கேட்டில் தொற்றி ஏறிச் சவாரி செய்வதையும், மூடும் கேட்டை முந்தி ஓடுவதையும் பார்த்தால், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் நிறுத்திச் சொல்வோம்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. அடுத்த தடவை கேட் பாதியில் நின்றால், "மோட்டாரைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்கு முன், ஒரு நிமிடம் குனிந்து தண்டவாளத்தைப் பார்ப்போம்.